கோல் விழாத அணியில் கோளாறு எங்கே?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கால்பந்து வழக்குகள் பெரும்பாலும் இரண்டே தீர்ப்பில் முடிகின்றன. ஒன்று, ஸ்ட்ரைக்கருக்கு, அதாவது கோல் அடிக்கவேண்டிய முன்வரிசை ஆளுக்கு, அடிக்கத் தெரியவில்லை. இன்னொன்று, கோச்சுக்கு ஆட்டம் தெரியவில்லை. டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வழக்கில் உரிமை அதிகம். தென்னாப்பிரிக்காவின் பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் பருவத்திலேயே, 1996-97-ல், கோப்பையை வென்றது சாட்ஸ்வொர்த்தின் மானிங் ரேஞ்சர்ஸ். அந்த கிளப் இன்று இல்லை. ரசிகர்களின் அன்பு சீஃப்ஸ், பைரட்ஸ், சன்டவுன்ஸ், அமாசூலு, கோல்டன் ஆரோஸ் என்று மற்ற கிளப்களிடம் பிரிந்துபோனது. வழக்கு மட்டும் ஓயவில்லை. 2011-ல் தொடங்கிய கார்லிங் பிளாக் லேபிள் கோப்பையில் சீஃப்ஸ், பைரட்ஸ் இரண்டுக்கும் ஆடும் 11 பேரை ரசிகர்களே கைபேசியில் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். கோச்சின் நாற்காலி மேல் இந்த நாட்டு ரசிகர்களுக்கு அத்தனை ஆசை.

அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன் ஒரு கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் அணி அடிக்கும் கோல் மூன்று எண்களின் பெருக்கல்: எத்தனை ஷாட், ஒவ்வொரு ஷாட்டும் எவ்வளவு நல்ல இடத்திலிருந்து, அடித்தவர் அதை எப்படி முடித்தார். நாம் சண்டை போடுவதெல்லாம் மூன்றாவதைப் பற்றி. அங்கேதான் அதிர்ஷ்டத்தின் பங்கு மிக அதிகம். கோச்சின் கை ஓங்கியிருப்பது முதல் இரண்டில்.

இடம் என்ன செய்கிறது

கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பந்துக்குப் பின்னால் நிற்பவரின் கண்ணுக்கு அந்த 7.32 மீட்டர் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதே முதல் கேள்வி. அதைக் கோணமாக அளக்கலாம். நேர் நடுவில் 6 மீட்டர் தூரத்தில் நின்றால் சுமார் 63 பாகை. பெனால்டி புள்ளியில், அதாவது 11 மீட்டரில், 37 பாகை. 25 மீட்டரில் 17 பாகைக்கும் குறைவு.

பக்கவாட்டில் நின்றால் நிலைமை இன்னும் மோசம். கோல் கோட்டிலிருந்து வெறும் 5.5 மீட்டர் தள்ளி, ஆனால் நடுவிலிருந்து 11 மீட்டர் பக்கவாட்டில் ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். தொலைக்காட்சியில் பார்த்தால் கோலுக்கு மிக அருகில் இருப்பதுபோலத் தெரியும். கோணத்தைக் கணக்கிட்டால் 16 பாகை சொச்சம். 25 மீட்டரிலிருந்து நேராக அடிப்பதற்கும் இதற்கும் கோணத்தில் வேறுபாடு இல்லை. 'அவ்வளவு கிட்டப்போய் விட்டுட்டானே' என்று நாம் கத்துகிற பல ஷாட்டுகள் இந்த வகை. அந்த இடத்தில் சரியான முடிவு அடிப்பதல்ல, பந்தைப் பின்னால் இழுத்துக் கொடுப்பது.

அடுத்தது நேரம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து 11 மீட்டரைக் கடக்க 0.44 நொடி. கோல்கீப்பரின் கண் பார்த்து உடல் அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 நொடி போய்விடும். மிச்சம் கால் நொடிக்கும் குறைவு. அதே பந்து 25 மீட்டரிலிருந்து வந்தால், காற்றுத் தடையால் வேகமும் குறைந்து, ஒரு நொடிக்கு மேல் எடுக்கும். கீப்பர் இரண்டு அடி நகர்ந்து பாய்வதற்கு அது போதும்.

தூரம், கோணம், காலா தலையா, பந்து எந்த வகைப் பாஸில் வந்தது, இடையில் எத்தனை டிஃபெண்டர் என்றெல்லாம் பல்லாயிரம் பழைய ஷாட்டுகளை அலசி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் 0-விலிருந்து 1-க்குள் ஒரு மதிப்புப் போடுவதுதான் இப்போது எல்லா ஒளிபரப்பிலும் காட்டுகிற எக்ஸ்ஜி. தமிழில் எதிர்பார்ப்பு கோல் என்று சொல்லலாம். பெனால்டிக்கு ஏறக்குறைய 0.77. கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடிக்கும் சாதாரண ஷாட்டுக்கு 0.03 அளவு. எல்லா ஷாட்டையும் கலந்து பார்த்தால் பத்துக்கு ஒன்றுதான் கோல். இந்தப் பத்துக்கு ஒன்று விகிதம், 1968-ல் கால்பந்து ஆய்வாளர் சார்லஸ் ரீப்பும் புள்ளியியலாளர் பெர்னார்ட் பெஞ்சமினும் எழுதிய ஆய்விலேயே உண்டு.

வறட்சி எப்படி வருகிறது

ஓர் அணி ஆட்டத்துக்கு 12 ஷாட் அடிக்கிறது, ஒவ்வொன்றின் மதிப்பும் 0.1 என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு 1.2 கோல். ஒன்றுகூட விழாமல் போக வாய்ப்பு 0.9-ஐ 12 முறை பெருக்கினால் கிடைக்கும்: 28 சதவீதம். இதே அணி 30 ஆட்டப் பருவத்தில் எப்போதாவது தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் கோலே இல்லாமல் நிற்க, மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான வாய்ப்பு உண்டு. ஆட்டமும் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. ஆனால் மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் கோச்சின் தலை உருளும். புதியவர் வந்த அடுத்த வாரம் இரண்டு கோல் விழும். விழத்தான் செய்யும், பழையவர் இருந்திருந்தாலும் பெரும்பாலும் விழுந்திருக்கும். புகழ் மட்டும் புதியவருக்குப் போகிறது.

இன்னோர் அணி மூன்றே ஷாட் அடிக்கிறது, ஒவ்வொன்றும் 0.4. கூட்டினால் அதே 1.2. கோலே விழாமல் போக வாய்ப்பு 22 சதவீதம்தான். எண்ணிக்கையைவிடத் தரம் பாதுகாப்பானது என்பதற்கு இது கணக்குவழிச் சான்று. இருபது ஷாட் அடித்துத் தோற்றோம் என்று பெருமூச்சு விடும்போது, அந்த இருபதும் எங்கிருந்து என்று கேட்கவேண்டும்.

ஸ்ட்ரைக்கருக்கும் இதே விதி. ஒரே திறமை உள்ள பல ஸ்ட்ரைக்கர்கள் தலைக்கு 50 ஷாட், தலா 0.1 மதிப்பில் அடித்தால், சராசரி 5 கோல். ஆனால் ஒன்பதில் ஒருவர் இரண்டோ அதற்குக் குறைவோ அடித்து நிற்பார். எட்டில் ஒருவர் எட்டோ அதற்கு மேலோ அடித்திருப்பார். முதலாமவரைக் கழற்றிவிடச் சொல்வோம், இரண்டாமவருக்குச் சிலை வைக்கச் சொல்வோம். ஸ்ட்ரைக்கர் பீட்டர் ஷாலுலிலே 2021-22-ல் சன்டவுன்ஸுக்காக லீகில் 23 கோல் அடித்தார். அடுத்த பருவத்தில், அதே கிளப், அதே சாம்பியன் அணி, 12 கோல். அந்த 12-உம் லீகின் அதிகபட்சமாக இருந்தது. கான்யிசா மாயோவுடன் பகிர்ந்துகொண்டார். ஓர் ஆண்டின் கோல் எண்ணிக்கையை வைத்து ஒருவரின் காலை எடைபோடுவது எவ்வளவு ஆபத்து என்று இதில் தெரியும்.

கோச்சின் பங்கு தொடங்கும் இடம்

30 ஆட்டப் பருவத்தில் 12 கோல் அடித்தவர் முதலிடம், 2017-18-ல் பெர்சி டாவும் ராட்னி ரமகலேலாவும் 11 கோலிலேயே முதலிடம். தென்னாப்பிரிக்க லீகில் கோல் அரிது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 16 அணிகளில் கடைசி அணி நேராகக் கீழ் லீகுக்கு இறங்கும், 15-ஆம் இடத்தில் முடிக்கும் அணி லீகில் நீடிக்கத் தகுதிப் போட்டி ஆடவேண்டும். அந்த அச்சத்தில், பெரிய அணி வந்தால் நான்கு நான்கு பேராக இரண்டு வரிசை கட்டிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துகொள்வது பல அணிகளுக்கு நியாயமான வழியாகவே இருக்கிறது. இரண்டு வரிசைக்கும் இடையே 10 முதல் 12 மீட்டர். அகலம் 35 முதல் 40 மீட்டர். மைதானத்தின் அகலம் 68. ஆக, எப்போதும் ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது. அந்தப் பக்கத்துக்குப் பந்து எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதில்தான் ஆட்டம்.

இடது விளிம்பிலிருந்து வலப்பக்கம் 50 மீட்டரை மூன்று தரைப் பாஸில் கடக்கிறோம். பந்து நொடிக்கு 15 மீட்டர் ஓடினால் பயணத்துக்கு மூன்றரை நொடிக்கும் கொஞ்சம் குறைவு. இடையில் இரண்டு பேர் வாங்கிக் கொடுக்கவேண்டும். ஒரே தொடுதலில் கொடுத்தால் மொத்தம் நான்கு நொடிக்குள் முடியும். வாங்கி, நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்து, பிறகு கொடுத்தால் ஆளுக்கு இரண்டு நொடி. மொத்தம் ஏழு நொடிக்கு மேல். எதிரணி வரிசை 20 மீட்டர் நகர நான்கு நொடி போதும். ஏழாவது நொடியில் பந்து வந்து சேரும்போது அவர்கள் ஏற்கெனவே அங்கே நின்று காத்திருப்பார்கள். 70 சதவீதம் பந்தை வைத்திருந்தும் கோல் இல்லை என்பதன் உள்விவரம் இதுதான்: பந்து நம்மிடம் இருக்கிறது, நேரம் அவர்களிடம் இருக்கிறது. இது பயிற்சியில் சரியாகும் கோளாறு. பந்து வருமுன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவும், உடலைத் திறந்து வைத்து முதல் தொடுதலையே அடுத்த திசைக்குத் தள்ளவும் மிட்ஃபீல்டர்கள் பழகவேண்டும். பழக்காவிட்டால் அது கோச்சின் குற்றம்.

வழி அடைத்தபின் பெரும்பாலான அணிகள் விழும் பள்ளம், ஓரத்திலிருந்து பெட்டிக்குள் பந்தைத் தூக்கி அனுப்பும் கிராஸ். 2014 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட் சொந்த மைதானத்தில் ஃபுல்ஹாமுக்கு எதிராக 80-க்கும் மேற்பட்ட கிராஸ்களை அனுப்பியது. முடிவு 2-2. உயரக் கிராஸ் ஏன் பலிப்பதில்லை? பந்து காற்றில் இருக்கும் நேரத்தில் டிஃபெண்டர் கோலுக்கு முதுகு காட்டி, பந்தைப் பார்த்தபடி நிற்கிறார். அவருக்கு அதைத் தட்டிவிட்டாலே போதும். ஸ்ட்ரைக்கருக்கோ அதைத் தலையால் திசை திருப்பி, 7.32 மீட்டருக்குள் வைக்கவேண்டும். ஒரே இடத்திலிருந்து காலால் அடிப்பதைவிடத் தலையால் முட்டுவது கோலாவது மிகக் குறைவு.

கட்பேக் என்கிற பின்னிழுப்புப் பாஸ் வேறு ரகம். ஓரத்தில் ஆடும் விங்கரோ ஃபுல்பேக்கோ பெட்டிக்குள்ளேயே கோல் கோட்டை எட்டுகிறார். டிஃபெண்டர்கள் தங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார்கள், கீப்பர் அருகாமைக் கம்பத்துக்கு இழுக்கப்பட்டுவிட்டார். இப்போது ஸ்ட்ரைக்கர் அருகாமைக் கம்பத்துக்கும், இன்னொருவர் தூரக் கம்பத்துக்கும் ஓடி இரண்டு மூன்று பேரை உள்ளே இழுக்கவேண்டும். மூன்றாமவர் ஓடக்கூடாது. பெனால்டி புள்ளியருகே ஒரு கணம் தாமதிக்கவேண்டும். பந்து தரையோடு பின்னால் வரும்போது அவர் கோலைப் பார்த்தபடி, காலால், 9 முதல் 12 மீட்டரிலிருந்து அடிப்பார். கால்பந்தில் இதைவிட அழகான எளிமை எனக்குத் தெரிந்து இல்லை. இது கெடும் இடமும் ஒன்றே: மூவரும் ஆசையோடு கோல் கோட்டை நோக்கி ஓடிவிடுவார்கள். புள்ளியருகே ஆளில்லாமல் பந்து உருண்டு போகும்.

ஆள் கணக்கையும் பார்க்கவேண்டும். பின்னாலிருந்து வரிசையாக 4-2-3-1 என்று ஆட்களை நிறுத்தும் அமைப்பில் பின்வரிசை நால்வரும், அவர்களுக்கு முன்னால் உள்ள இரண்டு மிட்ஃபீல்டர்களும் பின்னாலேயே நின்றால் தாக்க நான்கு பேர்தான். அதில் ஒருவர் பந்தோடு ஓரத்தில். பெட்டிக்குள் மூவர், எதிரே ஐந்து ஆறு பேர். எதிரணி முன்னால் ஒருவரை மட்டும் விட்டுவைத்திருந்தால் காவலுக்கு இருவர் போதும், இருவரை விட்டிருந்தால் மூவர். அதற்குமேல் நிறுத்துகிற ஒவ்வோர் ஆளும் பெட்டியில் குறைகிற ஆள். எதிர்த்தாக்குதலில் ஒரு கோல் வாங்கிவிடுவோமோ என்ற பயம்தான் கோச்சை ஆறு பேரைப் பின்னால் நிறுத்த வைக்கிறது. அது புரிந்துகொள்ளக்கூடிய பயம். ஆனாலும் அதன் விலையைச் சுமப்பது தனியாக நிற்கும் ஸ்ட்ரைக்கர். பந்தே வராத வெறுப்பில் அவர் நடுமைதானத்துக்கு இறங்கி வருவார். பிறகு பெட்டியில் யாருமே இல்லை.

நீளப் பந்து அடித்தால் எல்லாம் சரியாகும் என்ற பழைய வாதத்துக்கும் ரீப்தான் மூலவர். பத்துக்கு எட்டு கோல்கள் மூன்று பாஸுக்குள் வந்தன என்றார். உண்மைதான். ஆனால் ஓர் அணி பந்தைத் தன்னிடம் வைத்திருக்கும் தருணங்களில் பத்துக்கு ஒன்பது மூன்று பாஸுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன என்பதும் அதே தரவில் இருந்தது. ஒப்பிட்டால், நீண்ட தொடர்தான் கோலுக்கு மேலான வழி.

டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போனால்

இந்த நாட்டு லீகுக்கே உரிய ஒரு சிக்கல் உயரம். டர்பன் கடல்மட்டம். ஜோஹன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றுத் தடை குறைவதால் அதே உதையில் பந்து அதிக தூரம் போகும். சுழற்சியால் வளைவதும் காற்றின் தயவில்தான் என்பதால் வளைவும் குறையும். டர்பனில் தூரக் கம்பத்தில் இறங்கிய கிராஸ், அங்கே எல்லோருடைய தலைக்கும் மேலே போகும். வளைந்து இறங்கவேண்டிய ஃப்ரீகிக் கம்பத்துக்கு மேல் பறக்கும். கடற்கரை அணி அங்கே தரைப் பாஸை நம்புவது நல்லது. ஆக்சிஜன் குறைவால் வேக ஓட்டங்களுக்கு இடையே உடல் மீள அதிக நேரம் எடுக்கும். எனவே உயரத்தில் ஆடும்போது விங்கர்களை 60-ஆவது நிமிடத்தையொட்டி மாற்றுவதில் நியாயம் உண்டு. 80 வரை காத்திருந்தால், கோல் கோட்டை எட்டும் அந்தக் கடைசி ஓட்டம் நடக்காது.

தாளும் பென்சிலும்

அடுத்த ஆட்டத்துக்கு ஒரு தாளில் பெட்டியை வரைந்து வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அடித்த இடத்தில் ஒரு புள்ளி. தலையால் என்றால் அதைச் சுற்றி வட்டம். தோராய மதிப்பு இப்படி: கோலை ஒட்டிய சின்னப் பெட்டிக்குள் நடுவில் காலால் 0.4, அதற்கும் பெனால்டி புள்ளிக்கும் இடையே 0.2, பெட்டியின் ஓரங்களில் 0.07, வெளியே 0.03, பெனால்டி 0.77. தலை என்றால் பாதி. பந்து பெட்டிக்குள் வரும்போது நம் ஆட்கள் எத்தனை பேர் உள்ளே என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். நிறுத்திப் பார்க்க வசதியிருந்தால் இது சுலபம். மைதானத்தில் என்றால் இருவராகச் செய்வது நல்லது, ஒருவர் இடத்துக்கு, ஒருவர் ஆள் எண்ணிக்கைக்கு.

ஐந்து ஆட்டம் சேர்ந்ததும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். புள்ளிகளே குறைவு என்றால் பந்து முன்னால் போகவில்லை. நடு வரிசையின் வேகத்தைப் பாருங்கள். புள்ளிகள் ஏராளம், ஆனால் எல்லாம் வெளியேயும் ஓரத்திலும் என்றால், ஓட்டங்களும் பெட்டிக்குள் ஆள் எண்ணிக்கையும் கோளாறு. இந்த இரண்டிலும் கோச்சைக் கேள்வி கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. புள்ளிகள் நடுவில் அடர்த்தியாக இருந்து, மதிப்புகளின் கூட்டல் 7 என்று காட்டி, கோல் 3 மட்டும் விழுந்திருந்தால் யாரையும் மாற்றாதீர்கள். இன்னும் ஐந்து ஆட்டம் எண்ணுங்கள். நூற்றுச் சொச்சம் ஷாட்டுகள் சேர்ந்த பிறகும் அதே இடைவெளி நின்றால், அப்போது ஸ்ட்ரைக்கரின் காலைப் பற்றிப் பேசலாம்.