தனியாரிடம் காட்டினால் என்.எச்.எஸ். உரிமை போய்விடுமா?

இங்கிலாந்தில் ஒருமுறை காசு கொடுத்துத் தனியார் மருத்துவரிடம் காட்டிவிட்டால் பிறகு அரசின் இலவச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். பக்கம் போக முடியாது என்று நம்மவர்கள் பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. உள்ள விதி வேறு: ஒரே சிகிச்சையில் பாதியை இலவசமாகவும் மீதியைக் காசுக்கும் பெற முடியாது.

பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. என்.எச்.எஸ். தராத புற்றுநோய் மருந்தைச் சொந்தக் காசில் வாங்கியவர்களுக்கு, மற்ற இலவச சிகிச்சையையும் நிறுத்திய வைத்தியசாலைகள் ஒரு காலத்தில் இருந்தன. 2008இல் அது பெரிய சர்ச்சையாகி, அரசின் தேசியப் புற்றுநோய்ப் பணிப்பாளராக இருந்த பேராசிரியர் மைக் ரிச்சர்ட்ஸ் அதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். 2009 மார்ச்சில் சுகாதாரத் திணைக்களம் வழிகாட்டலை வெளியிட்டது. கூடுதலாக எதையாவது காசுக்குப் பெறுகிறார் என்பதற்காக ஒருவரின் இலவச சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆனால் காசுக்குப் பெறுவது வேறு நேரத்தில், வேறு இடத்தில் நடக்க வேண்டும். அதன் செலவில் எதுவும் என்.எச்.எஸ். தலையில் விழக் கூடாது.

கண்புரை சத்திரசிகிச்சையில் இது தெளிவாகத் தெரியும். என்.எச்.எஸ்ஸில் வைப்பது சாதாரண ஒற்றைக்குவிய வில்லை. தூரமும் கிட்டவும் தெரிகிற பல்குவிய வில்லை வேண்டுமென்றால், 'வில்லைக்கு மட்டும் நான் காசு தருகிறேன், ஒபரேஷனை இலவசமாகச் செய்யுங்கள்' என்று கேட்க முடியாது. வில்லையும் ஒபரேஷனும் சேர்த்துத் தனியாரில், அல்லது இரண்டும் என்.எச்.எஸ்ஸில்.

ஆனால் கன்சல்டன்டை, அதாவது மூத்த நிபுண மருத்துவரை, மட்டும் தனியாரில் பார்த்துவிட்டு, ஒபரேஷனை என்.எச்.எஸ்ஸில் செய்வதற்குத் தடையில்லை. அந்தச் சந்திப்பு என்.எச்.எஸ்ஸில் நடந்திருந்தால் காத்திருப்போர் பட்டியலில் எங்கே சேர்ந்திருப்பீர்களோ, அங்கேயேதான் சேர்வீர்கள். ஒபரேஷனுக்கான வரிசையில் யாரையும் முந்த முடியாது. மிச்சமாவது முதல் சந்திப்புக்குக் காத்திருக்கும் காலம்தான். சில துறைகளில் அதுவே பல மாதம் என்பதால், காசு கொடுப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மருந்துச் சீட்டில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தனியார் மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்தின் முழு விலையும் கட்ட வேண்டும். என்.எச்.எஸ். சீட்டென்றால் இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ஸ், 2024 மே முதல். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இலவசம். தனியார் சீட்டை என்.எச்.எஸ். சீட்டாக மாற்றித் தரும்படி உங்கள் குடும்ப மருத்துவரான ஜீபியிடம் கேட்கலாம். மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் மிகை இயக்கமும்) போன்றவற்றுக்குத் தனியாரில் நோய் கண்டறிந்தவர்கள், ஜீபி மறுத்ததால் மாதாமாதம் முழு விலை கட்டுவதும் நடக்கிறது. முதற்சந்திப்புக்குப் போகுமுன்பே ஜீபியிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

காசு எடுக்குமுன் இன்னொன்றையும் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் ஜீபி உங்களை நிபுணரிடம் அனுப்பும்போது எந்த வைத்தியசாலை என்று தெரிவுசெய்யும் உரிமை உங்களுடையது. என்.எச்.எஸ்ஸுடன் ஒப்பந்தம் உள்ள தனியார் வைத்தியசாலைகளும் அந்தப் பட்டியலில் வரும். கட்டடம் தனியாருடையது, சிகிச்சை என்.எச்.எஸ்ஸினுடையது, உங்களுக்குச் செலவு இல்லை. அவசரமில்லாத சிகிச்சைக்கு 18 வாரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால், வேறு இடத்துக்கு மாற்றும்படியும் கேட்கலாம். ஜீபி தானாகச் சொல்லுவார் என்று காத்திருக்க வேண்டாம். வேலை விசாவில் வந்து, ஆண்டுக்கு 1,035 பவுண்ஸ் சுகாதார மேல்வரி கட்டியவர்களுக்கும் இதே உரிமைதான். கட்டியதன் பலனை வாங்காமல் இன்னொரு முறை காசு கொடுப்பானேன்?

அதற்கும் பிறகு தனியார்தான் என்றால், கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். தனியார் மருத்துவச் சந்தையில் போட்டி பற்றிய 2014ஆம் ஆண்டின் ஆணைப்படி கன்சல்டன்ட் அதை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். முதற்சந்திப்பு, ஸ்கான், மயக்க மருந்து நிபுணர், ஒபரேஷனுக்குப் பிந்திய சந்திப்பு எல்லாம் அந்தத் தொகைக்குள் வருமா, தனித்தனி பில்லா என்று பாருங்கள். தனியார் வைத்தியசாலைகள் பலவற்றில் தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. நிலைமை மோசமானால் அம்புலன்ஸ் உங்களைக் கொண்டுபோவது என்.எச்.எஸ். வைத்தியசாலைக்குத்தான், அங்கே அந்த அவசர சிகிச்சைக்கு உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள்.