டெஃபன்: காதை அடைப்பதா, செவித்திறனைப் போக்குவதா?

ஆங்கில வினையான 'டெஃபன்' (deafen) என்பதற்குச் 'செவிடாக்கு' என்று ஒரே சொல்லில் பொருள் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது இரண்டு செயல்களைக் குறிக்கும். ஒருவரின் கேட்கும் திறனையே போக்குவது ஒன்று. பேரிரைச்சலால் அந்த நேரத்துக்கு வேறெதுவும் காதில் விழாதபடி செய்வது மற்றொன்று. இவற்றைப் பிரித்துச் சொல்லத் தமிழில் வழியிருக்கிறது.

முதலில் உச்சரிப்பு. எழுத்தைப் பார்த்து 'டீஃபன்' என்று படிப்பது தவறு. முதல் உயிர் குறில் எகரம்.

கேளாமையைக் குறிக்கும் 'டெஃப்' (deaf) என்ற பெயரடையோடு 'என்' விகுதி சேர்ந்து பிறந்த வினை இது. இருட்டைக் குறிக்கும் 'டார்க்', 'டார்க்கன்' ஆவதும் இப்படித்தான். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வடிவம் வழக்குக்கு வந்தது. அதற்கு முன் 'டெஃப்' என்பதே வினையாகவும் நின்றது. ஜெர்மனின் 'டவுப்', டச்சின் 'டோஃப்' இரண்டும் இதற்கு உறவு. இவற்றின் மூலவேர் புகை, மந்தம், புலன் மயக்கம் ஆகியவற்றைக் குறித்தது என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் கருத்து. கிரேக்கத்தில் பார்வையற்றவரைக் குறிக்கும் 'டுஃப்லோஸ்' என்பதையும், காய்ச்சல் மயக்கத்தால் பெயர்பெற்ற டைஃபஸ், டைஃபாய்டு ஆகியவற்றையும் இதே வேரோடு சேர்ப்பார்கள். ஆக, அடியில் காதே இல்லை. மங்கிப்போன புலன்தான் இருக்கிறது. தமிழிலோ 'செவிடு' என்ற சொல்லிலேயே செவி நிற்கிறது.

இரு பொருளுக்கும் உடலிலும் வேறுபாடு உண்டு. பட்டாசு வெடித்தபின் காது அடைத்து, ரீங்காரம் கேட்டு, சில மணி நேரத்தில் சரியாகிவிட்டால் அது காதடைப்பு. உட்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்துவிட்டால் மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. அதுவே நிலையான இழப்பு. பணியிட இரைச்சல் 85 டெசிபெல் என்றால் ஒரு நாளில் அதிகபட்சம் 8 மணி நேரம் என்பது பரவலான பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி.

எனவே நிலையான இழப்பைச் சொல்லும்போது 'செவித்திறனைப் போக்கியது' என்றும், மற்ற இடங்களில் 'காதை அடைத்தது', 'காதைப் பிளந்தது' என்றும் எழுதலாம். பலத்த கைதட்டலுக்கு 'அரங்கம் அதிர' என்பதே போதும். ஆங்கிலத்தார் மௌனத்துக்கும் 'டெஃபனிங்' என்ற அடையைச் சேர்ப்பார்கள். அங்கே 'செவிடாக்கும் மௌனம்' என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு ஒட்டாது. 'கனத்த மௌனம்' சரி.

ஆளைக் குறிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். 'செவிடன்' வசைச்சொல்லாகிவிட்டது, 'காது கேளாதவர்' என்பதே மதிப்பான வழக்கு. 'டெஃபன்ட்' என்று ஒருவரைச் சொன்னால், பெரும்பாலும் பேசக் கற்றபின் கேட்கும் திறனை இழந்தவர் என்று பொருள். பிறவியிலேயே கேளாதவரோடு அவரைக் கலக்கக் கூடாது. அவருக்குப் பேச்சுமொழி முன்பே கைவந்திருக்கும், பயிற்சியும் உதவியும் வேறாக அமையும்.

குழுவாகப் பேச உதவும் டிஸ்கார்ட் செயலியில் உள்ள 'டெஃபன்' பொத்தானுக்குச் 'செவிடாக்கு' முற்றிலும் பொருந்தாது. 'மியூட்' உங்கள் மைக்கை மட்டும் அணைக்கும். 'டெஃபன்' பிறர் குரல் உங்களுக்குக் கேட்காமல் செய்வதோடு மைக்கையும் சேர்த்தே அணைக்கும். அதற்கு 'இருபக்க ஒலியும் நிறுத்து' என்றால் அழுத்துகிறவருக்கு என்ன நடக்கும் என்பது விளங்கும்.