வெள்ளைக்குள் வெள்ளை: மேமோகிராம் தடுமாறும் இடம்

மார்பகத்தை எக்ஸ்ரேயில் எடுக்கும் மேமோகிராம் படத்தில் கொழுப்பு கருமையாகவும் பால் சுரப்பித் திசு வெள்ளையாகவும் விழும். புற்றுநோய்க் கட்டியும் வெள்ளைதான்; சிக்கலே அதுதான். கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் சின்னக் கட்டிகூட கண்ணில் பட்டுவிடும். சுரப்பி அடர்ந்த மார்பகத்தில் அதே கட்டி ஒளிந்துகொள்ளும். இந்த அடர்த்தி நோயல்ல, பலருக்கும் இயல்பான அமைப்பு. தொட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது, படத்தில்தான் தெரியும்.

அப்படியானால் மேமோகிராம் எதற்கு? உப்புத்தூள் சிதறியது போன்ற நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளுக்காக. பால் நாளத்தைத் தாண்டாத தொடக்கநிலைப் புற்று பல சமயம் இப்படித்தான் தலைகாட்டும். அவற்றைப் பிடிப்பதில் மேமோகிராமை மிஞ்ச ஆளில்லை. எல்லாரும் சலித்துக்கொள்ளும் அந்த அழுத்தமும் வீண் இல்லை. திசு பரவினால் ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்தவை பிரியும், கதிர்வீச்சும் குறைவாகப் போதும். எக்ஸ்ரே குழாயை வில்லாக நகர்த்தி, படத்தை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் முப்பரிமாண மேமோகிராமும் இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்கிறது.

அல்ட்ராசவுண்டில் கணக்கு தலைகீழ். அங்கே சுரப்பி வெளிறியும் கட்டி கருத்தும் தெரியும். நீர்க்கட்டியோ மைக்கருப்பு, அதன் பின்னால் ஒரு வெளிச்சப் பட்டை விழும். ஆனால் சுண்ணாம்புப் புள்ளிகளை அது பெரும்பாலும் தவறவிடும். கருவியைப் பிடிக்கும் கையின் திறமையைப் பொறுத்தே முடிவும் அமையும்.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது அடர்த்தியை அல்ல, ரத்த ஓட்டத்தை. வளரும் கட்டி அவசரமாகப் புது ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்கிறது, அவை ஒழுகும். ஊசியில் ஏற்றும் கடோலினியம் என்ற, படத்தில் பளிச்சிடும் மருந்து அங்கே சட்டென்று தேங்கி, பல கட்டிகளில் சீக்கிரமே வடிந்தும் விடும். மிக அடர்ந்த மார்பகம் உள்ள, மேமோகிராமில் குறை தெரியாத பெண்களிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. அடுத்த பரிசோதனைக்கு முன்பே தலைதூக்கிய புற்றுநோய், மேமோகிராம் மட்டும் எடுத்தவர்களிடம் 1000 பேருக்கு 5, எம்.ஆர்.ஐ.க்கு அழைக்கப்பட்டவர்களிடம் 2.5. ஆனால் முதல் சுற்றில் எம்.ஆர்.ஐ. எடுத்த 1000 பேரில் சுமார் 80 பேர் புற்றே இல்லாமல் கூடுதல் பரிசோதனைக்கு அலைந்தார்கள். அதனால்தான் இதை எல்லாருக்கும் எடுப்பதில்லை. மார்பகப் புற்று வரும் வாய்ப்பைப் பெரிதும் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கோ ஆண்டுதோறும் எடுக்கச் சொல்கிறார்கள்.

மார்பகத்தின் சூட்டைப் படமாக்கும் வெப்பப் படம் என்று ஒன்றும் விளம்பரமாகிறது. அதை மேமோகிராமுக்கு மாற்றாக நம்பவே கூடாது.

சரி, இந்தத் தேர்வெல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கு. மார்பகத்தைத் தொடும்போது கட்டி தட்டுப்பட்டால் கதையே வேறு: மேமோகிராம் சுத்தமாக வந்தாலும் அந்த இடத்தை அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள், சந்தேகம் தீராவிட்டால் ஊசியால் திசு எடுப்பார்கள்.