கைகாட்டி மாடம்: சிக்னல் பாக்ஸ் ஏன் பெட்டி அல்ல

சிக்னல் பாக்ஸ் என்பது லீவர்களை இழுத்து ரயில் சிக்னல்களையும், ரயிலைப் பாதை மாற்றும் பாயிண்டுகளையும் இயக்கும் கட்டடம். அதைச் 'சமிக்ஞைப் பெட்டி' என்று எழுதுகிறவர்கள் அதன் படிக்கட்டில் ஏறியிருக்க மாட்டார்கள். ரிலேயும் கேபிளும் வைத்துப் பூட்டிய இரும்புப் பெட்டி தண்டவாள ஓரத்தில் நிஜமாகவே நிற்கிறது. 'பெட்டியைப் பார்' என்றால் ரயில்வே ஊழியர் நேராக அதைத் திறக்கத்தான் போவார்.

1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்த பெங்களூரில், பாதையை ஒட்டி வாழும் தமிழர் வாயில் இதன் பெயர் 'கேபின்'. மேலே வேலை பார்ப்பவர் கேபின்மேன் அல்லது லீவர்மேன். அயர்லாந்திலும் கேபின்தான்; அமெரிக்காவில் டவர். கேபினுக்கு மூலம் பிற்கால லத்தீனில் குடிசையைக் குறித்த 'கபன்னா'. 'பாக்ஸ்' முதலில் ஒரு மரத்தின் பெயர். பிறகு அந்த மரத்தில் செய்த பேழை. பிறகு காவலாளி நிற்கும் சிறு கூண்டு. தொடக்க கால ரயில்வேயில் கைச்சைகை காட்டுபவர் ஒதுங்கக் கூண்டு போதுமானதாக இருந்தது. கட்டடம் வளர்ந்தது, பெயர் அப்படியே தங்கிவிட்டது.

வளரக் காரணம் இடைப்பூட்டு. ஒன்றுக்கொன்று முரணான சிக்னல்களையும் பாயிண்டுகளையும் சேர்த்து இழுக்கவிடாத இந்த அமைப்புக்கு ஜான் சாக்ஸ்பி 1856-இல் காப்புரிமை பெற்றார். 1889-இல் அயர்லாந்தின் அர்மாவில் நடந்த ரயில் விபத்துக்குப் பின் வந்த சட்டம் பிரிட்டனில் பயணிகள் பாதைகளுக்கு இதைக் கட்டாயமாக்க, கிராம நிலையங்களிலும் இரண்டடுக்குக் கட்டடங்கள் எழுந்தன.

கீழடுக்கு பூட்டறை. மேலே லீவரை இழுத்தால் இங்கே வெட்டுப் பள்ளமுள்ள இரும்புப் பட்டை நகர்ந்து, முரணான லீவர்களைப் பிடித்துக்கொள்ளும். ஒரு லீவர் வரவில்லை என்றால் பலத்தைக் காட்டக் கூடாது. எந்த லீவர் அதைப் பிடித்திருக்கிறது என்றுதான் தேட வேண்டும். லீவர் வரிசையின் எடையும் இழுவையும் இறங்குவதால் பூட்டறைச் சுவர் பெரும்பாலும் செங்கல். கரை மண் இளகிய இடத்தில் மட்டும் முழுக்க மரத்தில் கட்டுவார்கள். பாயிண்டுகளுக்கும் சிக்னல்களுக்கும் போகும் ராடுகளும் கம்பிகளும் வெளியேறத் தண்டவாளப் பக்கம் அடியில் திறப்பு உண்டு. மழைநீர் நுழைவதும் அடிச்சட்டம் உளுத்துப்போவதும் அங்கேதான் தொடங்கும்.

மேலடுக்கின் நீளத்தைத் தீர்மானிப்பது லீவர் எண்ணிக்கை. லீவர்களுக்கு இடையே இடைவெளி 4 முதல் 6 அங்குலம். 5 அங்குலம் என்றால் 40 லீவருக்கு ஏறத்தாழ 17 அடி. அதன் இரு முனையிலும் நடக்க இடம் விட வேண்டும். பிற்பாடு கிளைப்பாதை சேர்ந்து லீவர் கூடினால் கட்டடத்தையே நீட்ட வேண்டும். சுவர் ஒன்றில் வேறு செங்கல் தெரிந்தால் அதுதான் காரணமா என்று பாருங்கள். மூன்று பக்கமும் கண்ணாடி, வெயில் கண்ணில் அடிக்காதபடி நீண்ட இறவாரம். லீவர்களுக்கு மேலே ஒரு பலகையில், பாதை காலியா என்று அடுத்த கேபினோடு தெரிந்துகொள்ள உதவும் பிளாக் கருவிகள். சிவப்பு லீவர் நிறுத்தச் சிக்னலுக்கு, கறுப்பு பாயிண்டுக்கு, நீலம் பாயிண்ட் பூட்டுக்கு, வெள்ளை பயன்பாட்டில் இல்லாதது. வியர்வை பட்டால் கைப்பிடி துருவேறும் என்று துணி சுற்றித்தான் பிடிப்பார்கள்.

வெளியே எதிரி வெப்பம். 200 மீட்டர் எஃகு ராடு 30 டிகிரி ஏற்றத்தில் 7 செ.மீ. நீளும், பாயிண்டின் நாக்கு, அதாவது நகரும் தண்டவாள முனை, பக்கத்துத் தண்டவாளத்தில் ஒட்டாமல் நிற்க அது போதும். அதற்காக நடுவே ஈடுசெய் நெம்பு வைத்து, ஒரு பாதி தள்ளும்போது மறுபாதி இழுக்கும்படி அமைப்பார்கள். தூரம் கூடக்கூட உராய்வும் கூடும். நம் பழைய நிலையங்களில் இரு முனைக்கும் தனித்தனி கேபின் இருந்தது இதனால்தான்.

இனி தமிழ்ச் சொல். சிக்னலுக்குக் 'கைகாட்டி' ஏற்கெனவே மக்கள் வைத்த பெயர். பெங்களூரில் ஓர் எச்சரிக்கை: கன்னடத்தில் 'கைமர' என்றால் கைகாட்டி, தமிழில் கைமரம் கூரையைத் தாங்கும் சட்டம், எழுதும்போது கலந்துவிடும். கட்டடத்துக்குப் 'பரண்' என்று சொல்லிப் பார்க்கலாம். தினைப்புனத்துப் பரணும் உயர்ந்து நின்று கண்காணிப்பதுதான், ஆனால் அதற்குக் கீழறை கிடையாது. நான்மாடக்கூடலில் உள்ள 'மாடம்' அடுக்கையும் உயரத்தையும் சேர்த்தே சொல்கிறது. எனவே கைகாட்டி மாடம். அதன் கீழே பூட்டறை.

இரண்டே லீவரோடு தரைமட்டத்தில் நிற்கும் ஓரறைக் கட்டடத்துக்கு மாடம் பொருந்தாது. அதைக் கைகாட்டிக் குடில் எனலாம். கபன்னாவுக்கும் பொருள் அதுவே.