ஊடுருவலா, இடைச்செருகலா?

'இயற்கை மூலக்கூறுகள் ஊடுருவிய கலப்பினப் பொருள்.' அறிவியல் செய்தி ஒன்றில் முதலில் இந்த வரியைப் பார்த்தபோது பேசாமல் கடந்துவிட்டேன். அப்புறம் ஒரு கட்டுரையில் வந்தது. அதற்கப்புறம் ஒரு காணொளியின் அடியில் ஓடிய எழுத்திலும் வந்தது. மூன்றாம் முறை பொறுக்கவில்லை. ஐந்தே சொல், அதில் மூன்று கோளாறு.

சொல்ல வந்த சங்கதி என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். பெரோவ்ஸ்கைட் என்ற பொருளின் அடுக்குகளுக்கு நடுவே வேறு மூலக்கூறுகளை வைப்பதைப் பற்றியது அந்த வரி. 1839இல் யூரல் மலைப்பகுதிக் கனிமம் ஒன்றை ஆராய்ந்த குஸ்தாவ் ரோசே, அதற்கு லெவ் பெரோவ்ஸ்கி என்ற ருஷ்யரின் பெயரை வைத்தார். அதுதான் பெரோவ்ஸ்கைட். வேதியியல்படி அது கால்சியம் டைட்டனேட். அதே அணு அமைப்பு கொண்ட பொருள்களுக்கெல்லாம் பிறகு அந்தப் பெயரே பரவிவிட்டது. இவற்றில் சில தகடு தகடாக அமைந்தவை. நையோபியமோ டைட்டானியமோ ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியான தகடாகும். இரண்டு தகடுகளுக்கு நடுவே பொட்டாசியம் போன்ற அயனிகள் தங்கியிருக்கும். இத்தகைய ஒரு வகைக்கு தியோன்–ஜேக்கப்சன் என்று பெயர். அதை அமிலத்தில் ஊறவைத்தால் பொட்டாசியம் வெளியேறி, அந்த இடத்துக்கு ஹைட்ரஜன் அயனி வரும். தகடு கரையாது. அதன்பின் நீண்ட சங்கிலி கொண்ட அமீன் (நைட்ரஜன் உள்ள ஒரு கரிமச் சேர்மம்) ஒன்றைச் சேர்த்தால், அது அந்த ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொண்டு நேர்மின் அயனியாகி நடுவிலேயே தங்கிவிடும். தகடுகள் விலகி இடம் கொடுக்கும். சங்கிலி நீள நீள இடைவெளியும் கூடும். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் அதை அளந்தே பார்க்கலாம்.

இந்தச் செயலுக்குப் பெயர் இன்டர்கலேஷன். வேர் லத்தீன்: 'இன்டர்' என்றால் இடையே, 'கலாரே' என்றால் அறிவித்தல். ரோமானியப் புரோகிதர்கள் ஆண்டுக் கணக்கு சரியாக வருவதற்காக நடுவில் ஒரு மாதத்தைச் சேர்த்து அறிவித்தார்கள். காலண்டர் என்ற சொல்லும் அதே 'கலாரே'யின் வழி வந்ததுதான். நம் பஞ்சாங்கத்தின் அதிமாதமும் இதே வேலையைச் செய்கிறது. வேதியியல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, இதற்கு எப்படி 'ஊடுருவல்' வந்தது? ஊடு, உருவு என்று பிரித்துப் பாருங்கள். உருவுதல் என்றால் துளைத்துக்கொண்டு போதல். அம்பு மார்பை ஊடுருவும், எக்ஸ் கதிர் தசையை ஊடுருவும், படை எல்லையை ஊடுருவும். எதிர்ப்பை மீறி, குறுக்கே, உள்ளதைக் கடந்து போகிற வேகம் அந்தச் சொல்லில் இருக்கிறது. நம் அமீன் எதையும் துளைக்கவில்லை. ஒரு தகட்டுக்கும் சேதமில்லை. தகடு முழுசாக இருப்பதுதானே இங்கே முழு விஷயமும்! பருமனான அம்மோனியம் அயனிகளை நுழைத்தால் தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று முழுக்கப் பிரிந்து, நானோமீட்டர் தடிமனுள்ள தனித்தனி ஏடுகளாக நீரில் மிதக்கும். அப்போதும் ஒவ்வொன்றும் ஓட்டை இல்லாமல்தான் வருகிறது. 'ஊடுருவல்' என்று படித்த மாணவன் மனத்தில் எழும் படம் சல்லடை. நடந்ததோ புத்தகத் தாள்களுக்கு நடுவே மயிலிறகு வைத்த மாதிரி.

இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள். மூலக்கூறு விளிம்பிலிருந்து தொடங்கி உள்ளே நகர்ந்துதானே போகிறது, அது ஊடுருவல் இல்லையா என்று. நகர்கிறது, உண்மைதான். ஆனால் அது உள்ளே போகும் வழி. பெயரோ போய் எங்கே உட்கார்ந்தது என்பதைச் சொல்ல வேண்டியது. மணலில் நீர் இறங்குவதை ஊடுருவல் என்று சொல்லுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். லித்தியம் மின்கலம் பற்றிய கட்டுரைகளிலும் கிராஃபைட்டுக்குள் லித்தியம் 'ஊடுருவுகிறது' என்றே எழுதுகிறார்கள். அங்கேயும் அது அடுக்குகளுக்கு நடுவே போய்த் தங்கி, மின்கலம் தீரும்போது திரும்பி வருகிறது. ஊடுருவியது இப்படி ஒழுங்காக வீடு திரும்புமா?

என் சொல் இடைச்செருகல். உடனே இலக்கியக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பழைய பாட்டில் பின்னால் வந்தவர்கள் நுழைத்த கள்ளப்பாட்டுக்கு அல்லவா அந்தப் பெயர் என்பார்கள். இருக்கட்டுமே. பதிப்பாசிரியர் செருகலை எடுத்துவிட்டால் மூலப்பாட்டு அப்படியே நிற்கிறது. அமீனையும் அமிலத்தால் கழுவி எடுத்தால் தகடுகள் பழையபடி நெருங்கும். இவ்வளவு பொருத்தமான உவமை தானாகக் கையில் விழுந்திருக்கும்போது, கெட்ட பெயர் இருக்கிறது என்பதற்காக ஏன் தள்ள வேண்டும்? 'அடுக்கிடைச் செருகல்' என்றால் இன்னும் தெளிவு, குழப்பமும் இல்லை. 'இடைப்புகுத்தல்' என்பதிலும் பெரிய குறையில்லை, கொஞ்சம் சப்பென்று இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் செருகல் என்று சொல்லிவிடவும் கூடாது. அமீனுக்குப் பதில் ஆல்கஹாலை வைத்து, தகட்டின் நையோபியத்தோடு ஆக்சிஜன் வழியாக உறுதியான பிணைப்பே உண்டாக்கும் முறை இருக்கிறது. பெரும்பாலும் அமீன் முதலில் போய்த் தகடுகளை விலக்கி வைக்கும். ஆல்கஹால் அப்புறம் வரும். இது செருகல் இல்லை, ஒட்டு. ஒட்டுச்செடிக்கு என்ன சொல்கிறோமோ அதே சொல், ஒட்டுக்கட்டுதல். இதைப் 'பதியம்' என்று ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். பதியம் ஒரே செடியின் கிளையை மண்ணில் புதைத்து வேர் விடச் செய்வது. தோட்டத்துப் பக்கமே போகாதவர் போல.

'இயற்கை மூலக்கூறு' எப்படி வந்தது என்று ஊகிப்பது எளிது. இயற்கை வேளாண்மையில் ஆர்கானிக் என்பதை இயற்கை என்கிறோம். மொழிபெயர்த்தவர் அதையே தூக்கி இங்கே வைத்துவிட்டார். வேதியியலில் ஆர்கானிக் என்றால் கார்பன் சேர்மம். ஆலையில் காய்ச்சிய அமீனுக்கு இயற்கைப் பட்டம்! பள்ளிப் பாடநூலில் கரிமம் என்றே இருக்கிறது, இலங்கையில் சேதனம் என்பார்கள். எதை எழுதினாலும் சரி. எந்திர மொழிபெயர்ப்பு தந்ததை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே பாதித் தவறு அகப்பட்டுவிடும். அந்தப் பொறுமைதான் காணோம்.

'கலப்பினம்' மீது எனக்கு அவ்வளவு கோபமில்லை. ஹைபிரிட் என்ற சொல்லே காட்டுப்பன்றிக்கும் வீட்டுப்பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்ததாகத்தான் சொல்வார்கள். ஆனாலும் தமிழில் இனம் என்றால் உயிர் நினைவுக்கு வரும், விதை நினைவுக்கு வரும். 'கலப்புப் பொருள்' போதும். கலப்படம் என்று யாராவது எண்ணிக்கொள்வார்களோ என்று ஒரு சின்னத் தயக்கம் மட்டும் உண்டு.

ஆக அந்த வரி எனக்கு இப்படி வரும்: 'பெரோவ்ஸ்கைட் ஆக்சைடு அடுக்குகளுக்கு இடையே கரிம மூலக்கூறுகளைச் செருகி ஆக்கிய கலப்புப் பொருள்.' ஐந்து சொல்லுக்குப் பத்து சொல் ஆகிறது. ஆகட்டும்.