செக்‌ஷன் மாற்றித் தரச் சொல்வதற்கு முன்னால்

"மேடம், எம்பொண்ணு அந்தப் பிள்ளையோட சேர்றதை எப்படியாவது நிறுத்துங்க. முடியலைன்னா செக்‌ஷனையாவது மாத்திக் குடுங்க."

மதுரையில் பள்ளி மாணவிகளுக்கு ஆலோசகராக இருக்கிறேன். காலாண்டுத் தேர்வு மார்க் வந்ததுமே இந்தக் கோரிக்கையும் வந்துவிடும். போன வாரம் வந்த ஒரு அப்பா ஒரு படி மேலே போய், மகள் படித்த நாவலையே கொண்டுவந்து என் மேசையில் போட்டார். (ஆள் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு பெண்கள் சிநேகிதிகளாகிற கதை அது. ஒருத்தி வசதியான வீட்டுப் பெண், வாயே திறக்க மாட்டாள். இன்னொருத்தி வாயாடி, தம்பிக்குச் சோறு வடித்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வருபவள். "இதைப் படிச்சுத்தாங்க எம்பொண்ணு கெட்டுப்போனா" என்றார்.

சார், உங்கள் பெண்ணும் அந்தச் சிநேகிதியும் ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். புத்தகம் வாங்கியதோ போன வருஷம், தமுக்கத்தில் நடந்த புத்தகத் திருவிழாவில், நீங்கள் கொடுத்த காசில். நட்பு முதலில் வந்தது, நாவல் பிறகு வந்தது. தங்களைப் போலவே இருவர் கதையில் இருக்கிறார்கள் என்றுதான் அவள் அதைக் கையிலேயே எடுத்திருப்பாள்.

இந்த மாதிரி நாவல்கள் என் அலமாரியிலும் உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லும். "கதையில அவ ஏன் அம்மாகிட்ட பொய் சொன்னா?" என்று கேளுங்கள். மணியடிப்பது தெரியாமல் பேசும், அதில் பாதி சொந்தக் கதையாக இருக்கும். ஆசிரியர்கள் கவனிக்க: உடனே "அப்போ நீயும் அப்படித்தானா?" என்று கேட்டுவிடாதீர்கள். அதோடு வாய் மூடிக்கொள்ளும்.

வருகிற பெற்றோரில் பலர் திருவள்ளுவரைத் துணைக்கு இழுக்கிறார்கள். "கூடா நட்புன்னு அவரே ஒரு அதிகாரம் எழுதியிருக்காரே மேடம்?" எழுதியிருக்கிறார், 83ஆவது அதிகாரம். தயவுசெய்து ஒருமுறை பிரித்துப் படியுங்கள். உள்ளே பகையை வைத்துக்கொண்டு வெளியே சிரிப்பவர்களைப் பற்றியது அது. டிபன் பாக்ஸில் பழைய சோறு கொண்டுவருகிற பிள்ளையைப் பற்றியது இல்லை. அதே வள்ளுவர்தான் 785ஆவது குறளில், பக்கத்தில் இருந்து பழகக்கூடத் தேவையில்லை, ஒத்த உணர்ச்சியே நட்பு என்னும் உரிமையைத் தந்துவிடும் என்கிறார். கோப்பெருஞ்சோழன் சோழநாட்டு அரசன். பிசிராந்தையார் நம் பாண்டிநாட்டுப் புலவர். அவர்கள் நட்பைப் பாடமாக ஒப்பிக்க வைத்துவிட்டு, மகளிடம் "அவளும் நீயும் ஒண்ணா?" என்று கேட்கிறோம்.

"ரெண்டு பேருக்கும் ஒத்தே வராது" என்கிறவர்களிடம் எது ஒத்துவராது என்று நான் விடாமல் கேட்பேன். முதலில் மார்க் என்பார்கள். அப்புறம் அந்தப் பெண்ணின் அப்பா செய்யும் வேலை வரும், தெரு வரும். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்ம ஆளுங்க இல்ல மேடம்." அதற்கு என்னிடம் ஆலோசனை கிடையாது. அந்தக் காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் செக்‌ஷன் மாற்றும்படி நான் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

கவலைப்பட வேண்டிய நட்பும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மற்ற யாரோடும் பேசக்கூடாது என்று ஒருத்தி கட்டளை போடுவது, அடிக்கடி காசு கேட்பது, போட்டோவையோ ரகசியத்தையோ வைத்து மிரட்டுவது, சிநேகிதியின் போன் வந்தாலே உங்கள் பெண் பயப்படுவது. இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் பள்ளிக்கு வாருங்கள். ஒரே தெரு, ஒரே டியூஷன், ஒரே மாதிரி மார்க் வாங்கும் பிள்ளைகளுக்குள்ளும் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

மற்றபடி, நாவலைப் பிடுங்காதீர்கள். வாங்கி நீங்களும் படியுங்கள். அந்தப் பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள், வந்தால் அப்பா என்ன வேலை என்று விசாரிக்காதீர்கள். மகள் தூங்கும்போது போனை எடுத்து மெசேஜ் படிக்காதீர்கள். கண்டிப்பாகப் பிரித்துவைத்தால் பழக்கம் நிற்காது, உங்களிடம் சொல்வதுதான் நிற்கும். அம்மாக்களே, அந்தப் பெண்ணோடு மகளை ஒப்பிட்டுத் திட்டுவதையாவது விடுங்கள். பதினொன்றாம் வகுப்பில் ஒருத்தி பயாலஜி குரூப், ஒருத்தி காமர்ஸ் என்று எப்படியும் தனித்தனியாக உட்காரப்போகிறார்கள். அதுவரைக்குமாவது விடுங்களேன்.

பிரித்துவைத்த பிறகு பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி பேசினால், அதை நடிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. மிரட்டல் விஷயம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

அந்த அப்பாவிடம் நாவலைத் திருப்பிக் கொடுத்து, படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இலிருந்து இருக்கிறது, சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. அடுத்த சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் அங்கே சேர்த்து அனுப்பச் சொன்னேன். "யோசிக்கிறேன் மேடம்" என்று போயிருக்கிறார்.