கடிதத்தை அரிக்கும் ஆல்பம்

தாத்தாவின் கடிதங்களையும் வாழ்த்து அட்டைகளையும் ஆல்பத்தில் ஒட்டி, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்திருந்தும், அவை பழுத்து மடிப்புகளில் முறிவது ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் அந்த ஆல்பமே காரணம்.

காகிதம் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. செல்லுலோஸ், குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. அமிலம் இருந்தால், ஹைட்ரஜன் அயனி ஒன்று இரு குளுக்கோஸ் அலகுகளை இணைக்கும் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. பிணைப்பு தளர்ந்து அறுகிறது. தாள் காற்றிலிருந்து உறிஞ்சிய நீர் மூலக்கூறு அறுந்த முனையில் சேர்கிறது. அயனி மீண்டும் விடுபட்டு அடுத்த பிணைப்பைத் தேடிச் செல்கிறது. அது செலவாவதே இல்லை என்பதுதான் என்னை எப்போதும் வியக்கவைப்பது. ஆயிரம் அலகுகள் கொண்ட சங்கிலி நடுவில் ஒரேயொரு முறை அறுந்தாலும், 999 பிணைப்புகளில் 998 அப்படியே இருக்க, அதன் நீளம் பாதியாகிவிடுகிறது. ஆகவேதான் பார்வைக்கு நல்ல நிலையில் இருக்கும் கடிதமும், மடிப்பைப் பிரித்த கணத்தில் இரண்டாகிறது. சிதைவின்போது அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்களும் உருவாவதால், சிதைவே சிதைவை விரைவுபடுத்துகிறது.

இந்த அமிலம் எங்கிருந்து வருகிறது? மை பரவாமலிருக்க ரோசின் என்ற பைன் மரப் பிசினையும் படிகாரத்தையும் காகிதக் கூழில் சேர்க்கும் முறையை ஜெர்மானியரான மோரிட்ஸ் இல்லிக் 1807இல் வெளியிட்டார். அந்தப் படிகாரம் அமிலத்தன்மை உடையது. பின்னர் வந்த மலிவான மரக்கூழ்த் தாளில், மர இழைகளைப் பிணைக்கும், நாளடைவில் பழுப்பேறும் லிக்னின் என்ற பொருளும் தங்கியது. அத்தகைய ஆல்பப் பக்கத்தின் அமிலம், ஈரப்பதத்தின் வழியாகவும் ஆவியாகவும், அதைத் தொட்டிருக்கும் நல்ல கடிதத்துக்குள் இடம்பெயர்கிறது. நாளிதழ்த் துணுக்கு ஒன்று நெடுநாள் கிடந்த பக்கத்தில் அதன் வடிவிலேயே பழுப்பு நிழல் படிந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

லேமினேஷன் செய்தால் கடிதம் என்றென்றும் பிழைக்கும் என்ற நம்பிக்கை தவறானது: அது அமிலத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது, பின்னர் பிரிக்கவும் விடுவதில்லை. செல்லோ டேப்பும் பசைக்கோடுகள் உள்ள ஆல்பமும் காலப்போக்கில் கறை படிய வைக்கும். பிவிசி பிளாஸ்டிக் உறை சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவை வெளியிடும்.

லிக்னின் நீக்கி, கால்சியம் கார்பனேட் சேர்த்த பக்கங்களே ஏற்றவை. நீடித்து நிலைக்கும் தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 என்ற சர்வதேசத் தரம் கேட்பது, ஒரு கிலோ தாளில் ஏறத்தாழ 20 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரச் சேமிப்பு. பக்கத்துக்குள் வரும் அமிலத்தை அது நடுநிலையாக்குகிறது. கடிதத்தை ஒட்டாமல், பாலியெஸ்டர் மூலையுறைகளில் செருகுவது நல்லது. தாளின் அமிலத்தை நீக்கும் ஆய்வுகளுக்குப் பெரும் நூலகங்களின் தேவைக்காக மட்டுமன்றி, வீட்டுக் கடிதங்களுக்காகவும் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகர் இப்போது ஒட்டியிருக்கும் கடிதங்களைப் பிய்த்தெடுக்க முயல வேண்டாம். இருபுறமும் படமெடுத்துவிட்டு, பக்கங்களுக்கு இடையே கால்சியம் கார்பனேட் கலந்த மெல்லிய தாள்களை வைத்து, ஆல்பத்தைக் குளிர்ந்த, உலர்ந்த அறையில் படுக்கைவாட்டில் வைக்கட்டும்.